அரை நிமிஷம் ஸ்லோ, தம்பி!

இரங்கல் போஸ்டரில் இருக்கிற எல்லாருமே நல்லவர்கள்தான். கொடுத்த கடனைத் திருப்பித் தராதவர்கூட அதில் ‘கருணைக் கடல்’ ஆகிவிடுவார். எங்கள் வாட்ச் கடை பாய்க்குப் போஸ்டரே ஒட்டவில்லை. அவர் காலமாகி இந்த மாதத்தோடு ஒரு வருஷம். அந்தப் பாக்கியை நான் இங்கே கொஞ்சம் தீர்த்துவிடுகிறேன்.

திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஒரு சந்தில் கடை. கடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு டேபிள் லைட், ஒரு ஸ்டூல். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்தால் ஒருவர் தெருவில் நிற்க வேண்டியதுதான். வலது கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பாய் குனிந்துவிட்டால், பக்கத்தில் பத்தாயிரம் வாலா வெடித்தாலும் நிமிர மாட்டார்.

எங்கள் அப்பாவிடம் ஒரு எச்.எம்.டி. ஜனதா இருந்தது. கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. அதனாலோ என்னவோ, அப்பா சொன்னபடி அது கேட்டதே இல்லை. காலேஜில் பி.காம். படித்துக்கொண்டிருந்த நான்தான் அதைப் பாயிடம் கொண்டுபோவேன்.

“நாளைக்கு அரை நிமிஷம் ஸ்லோ தம்பி. ரெண்டு நாள் கழிச்சு வாங்க.”

“அரை நிமிஷம்தானே பாய்? கொடுங்க, போதும்.”

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. அதில் 30 போனால் 0.03 சதவீதம் சொச்சம். எந்த ஆடிட்டரும் இதைக் கண்டுகொள்ள மாட்டார். பாய் லென்ஸைக் கழற்றாமலே சொன்னார்: “மாசத்துக்குக் கால் மணி நேரம் ஆச்சு. அப்பா தினமும் பஸ்ஸுக்குப் போறவங்க. பஸ் நிக்குமா?”

அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை.

சாவி கொடுக்கிற வாட்சுக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் காட்டினார். மெயின் ஸ்பிரிங் சுருளைப் பல்சக்கரங்கள் மெதுவாக அவிழ்க்கின்றன. பேலன்ஸ் வீல் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. உராய்வைக் குறைக்க 17 குட்டிக் கற்கள். அத்தனையையும் பிரித்து, பெட்ரோலில் கழுவி, ஊசிமுனையால் சொட்டு எண்ணெய் வைத்து, மறுபடி பூட்டணும். சொட்டு பெரிசானால் அழுக்கு சேரும், சின்னதானால் தேயும். “குழந்தைக்கு மருந்து ஊத்தற மாதிரி தம்பி” என்பார்.

பகல் ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். அமெரிக்க ஜனாதிபதி ரோலக்ஸோடு வந்து நின்றாலும் திறக்காது. “வீட்டுல அவங்க தனியா சாப்பிட மாட்டாங்க” என்று ஒரே காரணம்தான் சொல்வார்.

இரண்டு பெண்கள். பாய் படித்தது எட்டாங்கிளாஸ். ஆனால் பெண்கள் ராத்திரி படிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். “உங்களுக்குப் புரியுமா பாய்?” என்று கேட்டேன். “எங்கே! நான் உட்கார்ந்திருந்தா அதுங்க எந்திரிக்காதுங்க, அவ்வளவுதான்!”

காலம் மாறிப் பேட்டரி வாட்ச் வந்தது. விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிற குவார்ட்ஸோடு ஐந்து துடிப்புக்காரர் எப்படிப் போட்டி போடுவார்? பிறகு செல்போன் வந்து, மணி பார்க்க வாட்சே வேண்டாம் என்றாகிவிட்டது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடவே மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பாய் அதற்கு முன்னாலேயே கடை வாசலில் செல்போன் கவர்களைத் தொங்கவிட்டிருந்தார்.

“என்ன பாய், நீங்க போய் இதை...?”

“மக ஃபீஸ் தேதி நம்ம கடிகாரத்தைவிடக் கரெக்டா வருது தம்பி!” என்று சிரித்தார்.

மெஷினுக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதணும் என்று பி.காமில் சொல்லிக்கொடுத்தார்கள். பாயின் வலது கண் 40 வருஷம் ஓடித் தேய்ந்தது. கடைசியில் புரை விழுந்து ஆபரேஷனும் ஆனது. அதை அவர் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. வரவுப் பக்கம் மட்டும் இரண்டு பெண்கள், இரண்டு டிகிரி.

அவர் மௌத்தான பிறகு மூத்த பெண் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுக் கடையைத் திறந்து வைத்திருந்தது. அத்தாவின் நோட்டை எடுத்து, ரிப்பேருக்கு வந்திருந்த 31 வாட்சுக்கும் ஆள் தேடியது. வேலை முடிந்ததற்குப் பாக்கி வாங்கிக்கொண்டது. முடியாததற்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தது.

“எதுக்கும்மா இவ்வளவு அலைச்சல்? வேணுங்கிறவங்க தானா வருவாங்களே?” என்றேன்.

“அமானிதம் அண்ணே. கொடுத்தவங்க கையில சேர்க்கலேன்னா அத்தாவுக்கில்ல பாரம்!”

27 வாட்சுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. நாலு பேர் மட்டும் அகப்படவில்லை. நம்பர் மாறிவிட்டது, வீடு மாறிவிட்டது. அந்த நாலும் இன்னும் அந்தப் பெண்ணின் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.

தெப்பக்குளம் சந்தில் எப்போதோ வாட்ச் கொடுத்துவிட்டு மறந்துபோனவர் உங்களில் யாராவது இருந்தால், தயவுசெய்து அந்தச் சந்தில் போய் விசாரியுங்கள். சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. நோட்டில் உங்கள் பேர் இருக்கிறது.