ஸர்ப்பகந்தியின் வேர்

நம் வீடுகளில் மூலிகையைப் பற்றிப் பேச்செழுந்தால் உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். "எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே, சோதனை எதற்கு?" என்பது ஒரு கட்சி. "பாட்டி வைத்தியத்தில் என்ன இருக்கிறது?" என்பது மற்றொன்று. இரு திறத்தாரும் ஸர்ப்பகந்தியின் சரித்திரத்தைச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

காட்டு நிழலில் முழங்கால் உயரம் வளரும் சிறு செடி இது. இதன் வேரைப் பாம்புக் கடிக்கும் சித்தப் பிரமைக்கும் நம் தேசத்தார் நெடுங்காலமாக வழங்கி வந்தனர். பீஹாரில் இதற்குப் 'பைத்திய மருந்து' என்றே பெயர். 1931-இல் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்காள வைத்தியர் இருவர், இவ்வேர் சித்தப் பிரமையைத் தணிப்பதோடு இரத்தக் கொதிப்பையும் குறைக்கிறது என்று எழுதினர்.

அதே ஆண்டில் ஸலீமுஸ்ஸமான் ஸித்திகி என்பார் இவ்வேரை ரஸாயன முறையில் ஆராய்ந்தார். செடிகளில் உள்ள ஆல்கலாய்டு என்னும் பொருள்களில் நைட்ரஜன் அடங்கியிருக்கும். அவை அமிலத்துடன் கூடினால் உப்பாகி நீரில் கரையும். காரம் சேர்த்தால் மீண்டும் பிரிந்து நிற்கும். இக்குணத்தைக் கொண்டே அவற்றை வேரிலிருந்து பிரிக்கிறார்கள். அவ்விதம் கிடைத்த படிகம் ஒன்றுக்கு, தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல்கானின் ஞாபகமாக ஸித்திகி 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். 1921-இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த அந்த யூனானி வைத்தியர், பழைய மருந்துகளைப் புதிய முறையில் சோதிக்க வேண்டும் என்று விரும்பியவர்.

அஜ்மலின் இருதயத் துடிப்பின் ஒழுங்கீனத்துக்கு உதவியது. ஆனால் வேரின் சாந்தப்படுத்தும் சக்தியை அது விளக்கவில்லை. 1949-இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்தக் கொதிப்புள்ளவர்களுக்கு வேரைக் கொடுத்துக் கண்ட பலனைப் பிரிட்டிஷ் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். பிறகு 1952-இல் ஸ்விட்ஜர்லாந்தில் பேஸல் நகரத்து ரஸாயனிகள், படிகமாகாத பிசின் போன்ற பகுதியிலிருந்து 'ரிஸர்பின்' என்னும் பொருளைப் பிரித்தார்கள். தேடிய பொருள் அதில்தான் இருந்தது!

நரம்பு நுனிகளில் சேமித்து வைத்திருக்கும் சில ரஸங்களை ரிஸர்பின் வற்றச் செய்கிறது. அதனால் இரத்தக் குழாய்கள் தளர்ந்து கொதிப்பு அடங்குகிறது. மூளையிலும் இவ்வாறே நிகழ்வதால் கொந்தளிப்பும் தணிகிறது. ஆயினும் அளவு மிகுந்தபோது நோயாளிகளிற் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்ததையும் வைத்தியர்கள் கண்டனர். நன்மையும் தீமையும் ஒரே செய்கையிலிருந்து பிறந்தன. ஆகவே, மூலிகைதானே என்று எண்ணி இவ்வேரைப் பொடித்து வீட்டிலே உண்பது சிறிதும் தகாது.

வேறொரு கவலையும் உண்டு. மருந்து வேரில் இருப்பதால், அதை எடுப்பவர் செடியையே பிடுங்க வேண்டியிருக்கிறது. ரிஸர்பின் புகழ் பரவியபின் காடுகளில் இச்செடி அருகிவிட்டது. 1990-இல் இதன் வியாபாரம் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

முன்னோர் சொன்னதை நம்பியதனால்தான் ஆராய்ச்சி தொடங்கிற்று. நம்பியதோடு நில்லாமையால்தான் அது பலன் தந்தது. நம் பிள்ளைகளுக்கு முன்னோர் பெருமையை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது. தராசும் சோதனைக் குழாயும் பிடிக்கப் பழக்குவோம். பிடுங்கிய இடத்தில் மற்றொரு செடி நடவும் பழக்குவோம்.