காப்புரிமைன்னா எந்த உரிமை?

நம்ம தமிழ்ல ஒரு வம்பு இருக்கு மக்களே. புத்தகத்தைக் காப்பியடிக்காதேன்னு சொல்றதுக்கும் காப்புரிமைங்கிறோம், கண்டுபிடிப்புக்கு வாங்குற பேட்டண்டுக்கும் காப்புரிமைங்கிறோம். சொல் குழப்பம்தானேன்னு விட்டுடலாம். ஆனா ஓப்பன் சோர்ஸ் சமாச்சாரத்துல ஆளைக் கவுக்குறதே இந்தக் குழப்பம்தான். அதனால முதலாவதைப் பதிப்புரிமைன்னும், ரெண்டாவதைப் பேட்டண்ட்னும் எழுதுறேன்.

உதாரணத்துக்கு வீட்டு ரவுட்டரையே எடுத்துக்குவோம். ட்ருகனினால நாங்க அஞ்சு பேர் ஒரு வீட்ல இருக்கோம். ஒருத்தன் போட்டோவையெல்லாம் ஏத்த ஆரம்பிச்சா, இன்னொருத்தன் ஊருக்குப் பேசுற வீடியோ கால் "ஹலோ... கேக்குதாம்மா?"லயே நின்னுடும். ஸ்பீடு இல்லன்னு திட்டுவோம். பல நேரம் குத்தம் ஸ்பீடுல இல்ல, வரிசையில. ரேஷன் கடைல நாலு கார்டுக்கு மூட்டை கட்டுறவர் பின்னாடி, கால் லிட்டர் எண்ணெய்க்கு வந்தவர் நிக்கிற கதை. 2010-ல ஜிம் கெட்டிஸ் இந்த வியாதிக்கு பஃபர்ப்ளோட்னு பேர் வச்சார்.

மருந்தும் வந்துச்சு. 2012-ல கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடல், வரிசை எவ்வளவு நீளம்னு பாக்காது. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு பாக்கும். 5 மில்லி செகண்டுக்கு மேல தொடர்ந்து காக்க வேண்டியிருந்தா, ஒண்ணு ரெண்டைத் தூக்கிப் போடும். அனுப்புற பக்கம் அதைப் புரிஞ்சுக்கிட்டு வேகத்தைக் குறைச்சுக்கும். சிஸ்கோகாரங்க இதே வேலைக்கு பை-ன்னு இன்னொரு முறை கொண்டு வந்தாங்க. இதுங்களோட ஆளுக்கொரு தனி வரிசையும் சேர்த்தா எஃப்க்யூ-கோடல், எஃப்க்யூ-பை.

இப்ப மெல்போர்ன் கதை. வில்லியம்ஸ் லேண்டிங்ல ரயில் ஏறி, சிட்டியைத் தாண்டி கிழக்கே போனா ஹாத்தார்ன். அங்க ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்துல இயங்கின சி.ஏ.ஐ.ஏ ஆய்வு மையத்துல, ரசூல் அல்-சாதியும் கிரென்வில் ஆர்மிட்டேஜும் இந்த நாலு முறையையும் ஃப்ரீபிஎஸ்டியோட டம்மிநெட்டுக்காக எழுதுனாங்க. 2016-ல ஃப்ரீபிஎஸ்டி 11.0-லயே அது சேர்ந்துடுச்சு. காசுல ஒரு பகுதி காம்காஸ்ட் நிதியோட நன்கொடை. ஆனாலும் நிரல் பிஎஸ்டி உரிமத்துல வந்துச்சு: எடுத்துக்கோ, மாத்திக்கோ, விக்கவும் செய், எங்க பேரை மட்டும் அழிக்காதே. இன்னிக்கு பிஎஃப்சென்ஸ், ஓப்பிஎன்சென்ஸ் ஃபயர்வால் வச்சிருக்குற எத்தனையோ பேர் இந்த நிரலைத்தான் ஓட்டுறாங்க. லினக்ஸுக்கு எஃப்க்யூ-பை வந்தது 2020-ல. அதை எழுதுனது நம்ம சுரத்கல் என்.ஐ.டி. ஆளுங்க.

கைதட்டிட்டுப் போயிடலாமா? அங்கதான் வம்பே. பிஎஸ்டி உரிமம் பேசுறது அந்த எழுத்தைப் பத்தி, அதாவது பதிப்புரிமை. பேட்டண்ட்ங்கிற வார்த்தையே அதுல வராது. பை முறையில தனக்குப் பேட்டண்ட் உரிமை இருக்குன்னு சிஸ்கோ ஐ.இ.டி.எஃப்-ல அறிவிச்சிருக்கு. அதே சிஸ்கோதான் 2014-ல பை நிரலை ஜிபிஎல் உரிமத்துல லினக்ஸுக்குக் கொடுத்துச்சு. அதனால இதுல சிஸ்கோவை வில்லனாக்க முடியாது. ஆனா ஐ.இ.டி.எஃப் விதி கேக்குறது "இருந்தா சொல்லிடு"ன்னு மட்டும்தான்; "இலவசமா கொடு"ன்னு இல்ல. ஒரு வரி விடாம நீங்களே புதுசா எழுதுனாலும், யோசனை அடுத்தவன் பேட்டண்ட்ல இருந்தா மாட்டுவீங்க. இந்தியச் சட்டத்தோட 3(கே) பிரிவு வெறும் கணினி நிரலுக்குப் பேட்டண்ட் கிடையாதுங்குது. சந்தோஷம். ஆனா ரவுட்டரை அமெரிக்காவுலயும் விக்கணுமே?

பேட்டண்ட் வச்சுக்கிட்டா என்ன ஆகும்னும் இதே நாடு காட்டியிருக்கு. சிஎஸ்ஐஆர்ஓ-வோட வைஃபை பேட்டண்ட். 802.11என் வரையறை தயாரானப்ப, வழக்குப் போட மாட்டோம்னு உறுதிக் கடிதம் கேட்டாங்க, தரல. டெக்சாஸ் கோர்ட் வரைக்கும் போய், 2009-லயும் 2012-லயும் கம்பெனிகளோட சமரசம். மொத்தம் 43 கோடி ஆஸ்திரேலிய டாலர். கொள்ளைன்னு நான் சொல்ல மாட்டேன். கண்டுபிடிப்பு நிஜம், அதுல 15 கோடி டாலரை ஆராய்ச்சி நிதிக்கே கொடுத்தாங்க. பெரிய கம்பெனிகிட்ட வாங்கி விஞ்ஞானத்துக்குக் கொடுத்தா என்ன தப்புன்னு கேட்டா, சட்டுனு பதில் சொல்றது கஷ்டம்.

என் பதில் இது. சிப் கம்பெனிக்கு வக்கீல் படையே இருக்கு, பேசி முடிச்சுக்குவான். ராத்திரி உக்காந்து ரவுட்டருக்கு நிரல் எழுதுற மாணவனுக்கு யார் இருக்கா? வழக்கு வரவே வேண்டாம், வருமோங்கிற பயம் போதும், அவன் கைவிட்டுடுவான். பொதுப் பணத்துல பல்கலைக்கழகம் நிரல் வெளியிட்டா, "எழுத்தும் உனக்கு, எங்க பேட்டண்டும் உன் மேல பாயாது"ன்னு ரெண்டையும் சொல்லணும். சொல்றது ஒண்ணும் பிரம்மவித்தை இல்ல. 2004-ல வந்த அப்பாச்சி 2.0-வும் 2007-ல வந்த ஜிபிஎல் 3-ம் அந்த வாசகத்தோடயே இருக்கு.

இதுல எனக்கென்னன்னு கேக்காதீங்க. ஆராய்ச்சில சேர்ந்தப்ப எனக்கும் ஒரு படிவம் நீட்டுனாங்க: உருவாக்குற எல்லாத்தோட உரிமையும் பல்கலைக்கழகத்துக்கே. இங்க வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா பல்கலைக்கழகம் தன் பேராசிரியர் கிரே மேல போட்ட வழக்குல, 2009-ல மேல்முறையீட்டுலயும் தோத்துச்சு. ஆராய்ச்சி பண்ணுறது வேலைங்கிறதாலேயே கண்டுபிடிப்பு தானா பல்கலைக்கழகத்துக்குப் போயிடாதுன்னு தீர்ப்பு. சம்பளம் வாங்குற பேராசிரியருக்கே அப்படின்னா, ஃபீஸ் கட்டுற நாம ஏன் படிக்காம கையெழுத்துப் போடணும்? "நிரலை அப்பாச்சி 2.0-ல வெளியிட அனுமதி உண்டு"ன்னு ஒரு வரி சேக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன். பதில் வரல. படிவமும் இன்னும் கையெழுத்தாகாம என்கிட்டயே இருக்கு.

வெளிநாட்டுல ஆராய்ச்சிக்குப் போற தம்பி தங்கச்சிங்களா, கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க. எழுத்து யாருக்கு? யோசனை யாருக்கு? ரெண்டுக்கும் ஒரே பதில்னு யாராவது சொன்னா, அவரும் காப்புரிமைங்கிற ஒரே சொல்லை வச்சுக்கிட்டுத்தான் குழம்புறார்னு அர்த்தம் :-)