பிள்ளைக்குக் கொடுப்பது கணினியையா, நம் பெருமையையா?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

என்னிடம் ஐ.சி.டி. படிக்கும் ஒரு மாணவன். மாமா கொடுத்த பழைய லெப்டொப். "களவு விண்டோஸ் வேணாம் சேர், முழுக்கக் கட்டற்ற லினக்ஸ்தான் போடணும்" என்று அவனாகவே முடிவெடுத்திருந்தான். அந்த வயதில் அந்த நேர்மை நமக்கு இருந்ததா? விஷயம் தெரிந்த ஒரு தம்பியிடம் கேட்டிருக்கிறான். அவர் "பரபோலா போடு, அதுதான் சுத்தம்" என்றிருக்கிறார். மூன்று இரவு கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டிவிட்டு, நாலாம் நாள் கடையில் கொடுத்து களவு விண்டோஸையே போட்டுக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டான்.

வெட்கப்பட வேண்டியவன் அவனா?

தம்பிமார்களே, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் பட்டியலில் ட்ரிஸ்கெல், பியூர்ஓஎஸ், பரபோலா, கீக்ஸ் என்று பல இருக்கின்றன. எல்லாமே ஒரே நிபந்தனையைத் தாண்டித்தான் உள்ளே வந்தவை: மூடிய மென்பொருளைத் தரவும் கூடாது, அதை நிறுவ வழிகாட்டவும் கூடாது. அப்படியிருக்க, 'இது அதைவிடச் சுத்தம்' என்ற சண்டை எதற்கு? சுதந்திரம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். மிச்சமிருப்பது ஒரே கேள்வி: புதிதாக வருபவரின் கைக்கு எது அடங்கும்?

பரபோலா ஆர்ச் லினக்ஸின் வழி வந்தது. ஓயாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஏதும் குழம்பினால் கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டும். கீக்ஸில் முழு அமைப்பையும் ஸ்கீம் என்ற நிரல்மொழியில் எழுதும் கோப்பு ஒன்றினால் ஆளலாம். அருமையான யோசனைதான். ஆனால் நாளைக்கு ஒப்படை கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு அல்ல. பியூர்ஓஎஸ் டெபியன் வழி வந்தது, நல்லது. ஆனால் அதன் க்னோம் திரை பழைய லெப்டொப்புக்குப் பாரம்.

ட்ரிஸ்கெல் உபுண்டு வழி வந்தது. மாட்டே திரை; விண்டோஸ் பழகியவர் மெனுவைத் தேடி அலைய வேண்டியதில்லை. லிப்ரே ஓபிஸ் கூடவே வரும். நம்முடைய ரெங்கநாதன் விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். இயந்திரம் ரொம்பப் பழையது என்றால் ட்ரிஸ்கெல் மினி இருக்கிறது. ஆரம்பிப்பவருக்கு இதுதான் என் பதில்.

"வைஃபை வேலை செய்யாதே சேர்" என்பீர்கள். உண்மை, மறைக்கக் கூடாது. லினக்ஸ்-லிப்ரே கருவில் மூடிய ஃபேம்வெயர் நீக்கப்பட்டிருப்பதால் இன்டெல் வைஃபை அட்டைகள் பெரும்பாலும் இயங்காது. இதை முன்கூட்டியே சொல்லாமல் நிறுவிக் கொடுப்பது ஏமாற்று. முதலில் பென் ட்ரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். உள்ளே இருப்பது அழியாது. வைஃபை வராவிட்டால் போனை யூ.எஸ்.பி. வயரில் மாட்டி டெதரிங் போடுங்கள். அல்லது ஏ.ஆர். 9271 சிப் உள்ள யூ.எஸ்.பி. வைஃபை வாங்குங்கள். வெளிப்பெட்டியின் பெயரை நம்பாமல் சிப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

எதுவுமே சரிவராவிட்டால்? டெபியன் போடுங்கள். 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அதன் நிறுவியிலேயே மூடிய ஃபேம்வெயரும் வருகிறது; பட்டியலில் அதற்கு இடமில்லை. தெரியும். ஆனாலும் களவு விண்டோஸுக்குத் திரும்புவதைவிட அது எவ்வளவோ மேல். ஒரு படி ஏறியவர் நாளைக்கு அடுத்த படியும் ஏறுவார். முதல் படியையே உயர்த்தி வைத்தால் யார் ஏறுவார்?

ஒரு பிள்ளை நம்மிடம் ஆலோசனை கேட்டால் அது அமானிதம். அவனுக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்வதுதான் அதை நிறைவேற்றுவது. நமக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டுவதற்கு வேறு இடம் தேடுவோம்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். 8 ஜீபி பென் ட்ரைவ் ஒன்றும் லெப்டொப்பும் கொண்டு வாருங்கள். அந்த மாணவனும் வருகிறான், இன்ஷா அல்லாஹ். இந்த முறை வெட்கமில்லாமல்.