குத்தூசி போடாமல் கார் வாங்கலாமா?

புறக்கோட்டையில் அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நம்மவர்கள் மூட்டையின் வெளித்தோற்றத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசியை மூட்டையின் நடுவில் போட்டு, வெளியே வரும் மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் பேச்சே. ஒரு மூட்டைக்கு இவ்வளவு கவனம். ஆனால் அதே வியாபாரி பாவித்த கார் ஒன்றை வாங்கப் போனால் நிறத்தைப் பார்க்கிறார், சைலன்ஸர் சத்தத்தைக் கேட்கிறார், அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

பிறரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2009 இல் நானே இப்படித்தான் செய்தேன். இரத்மலானையில், காலி வீதியிலிருந்து சற்று உள்ளே, ஒரு டர்போ சலூன் காரைப் பார்த்தேன். நான் போகும்போதே எஞ்சின் சூடாகத்தான் இருந்தது. ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்றாவது மாதம் எஞ்சினின் அடியில் தட்டும் சத்தம் வந்தது. பெயாரிங் போய்விட்டது. நோன்புப் பெருநாள் சீசனுக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் எஞ்சினுக்குப் போனது. அந்த வருடம் வெள்ளவத்தைக் கடையில் தட்டுகள் பாதி காலியாக இருந்தன.

அண்மையில் என் ராத்தாவின் மகன் வந்து, “மாமா, ஒரு ஈவோ 7 பார்த்திருக்கிறேன், இரத்மலானையில்தான்” என்றபோது எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. விலை ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி அவனுடைய கடை முதல்.

ஈவோ என்று நம் இளைஞர்கள் சொல்வது மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் காரை. 1992 இல் வந்தது. டொமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ரேலி சம்பியனானது இந்த வகைக் கார்களில்தான். உற்பத்தி 2016 அளவில் நின்றுவிட்டது. இறக்குமதிக்கு வயதெல்லையும் இருப்பதால் புதிதாக ஒன்றைக் கொண்டுவர வழியில்லை. நாட்டில் இருப்பவைதான் கைமாறிக் கைமாறி வருகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் வராமல் இருந்த காலத்தில் பாவித்த கார்களின் விலை ஏறியதைக் கண்டவர்கள், காரும் காணி போல ஒரு முதலீடு என்று நினைக்கத் தொடங்கினார்கள். என் கருத்து வேறு. இப்படியான காரை வாங்கும்போது முன்னைய சொந்தக்காரர் அதை எப்படி ஓட்டினார் என்பதையும் சேர்த்தே வாங்குகிறோம். சாதாரண காரில் அது சிறிய விடயம். டர்போ காரில் அதுதான் எல்லாமே.

முதலில் கடதாசி. ஈவோ 7, 8, 9 மூன்றுக்கும் செஸி இலக்கம் சீ.டீ.9ஏ என்று தொடங்கும். 5, 6 என்றால் சீ.பீ.9ஏ. சாதாரண லான்சருக்கு ஈவோவின் பம்பரும் பின்பக்க இறக்கையும் பொருத்தி விற்பவர்கள் இருக்கிறார்கள். செஸி இலக்கம் பொய் சொல்லாது. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளதுடன் ஒத்துப்போக வேண்டும். லீசிங் நிலுவை இருந்தால் லீசிங் கம்பனியே முழு உரிமையாளராகப் பதிவில் இருக்கும். கையொப்பமிட்ட வெறும் படிவங்களோடு, அதாவது ஓபன் பேப்பரில், நாலு கை மாறி வந்த வாகனத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடவேண்டாம்.

இரண்டாவது, எஞ்சினைக் குளிராகப் பாருங்கள். காலையிலேயே போய் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ததும் அடியில் தட்டும் சத்தம் கேட்கிறதா? நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். பிறகு கட்டாயம் கொம்ப்ரஷன் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 10 வீதத்துக்கு மேல் குறைந்தால் அந்த எஞ்சினைத் திறக்க வேண்டிவரும். மூட்டைக்குக் குத்தூசி எப்படியோ, எஞ்சினுக்குக் கொம்ப்ரஷன் அப்படி.

மூன்றாவது, டைமிங் பெல்ட். ஈவோ 9 வரை வந்த 4ஜீ63 எஞ்சினில் செயின் இல்லை, பெல்ட்தான். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். “போன வருடம்தான் மாற்றினோம்” என்பது பில் ஆகாது. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

நான்காவது, பெற்றோல். இதைப் பலர் கேட்பதே இல்லை. ஜப்பானில் இக்கார்களுக்குப் போடும் உயர்தரப் பெற்றோல் பெரும்பாலும் 100 ஒக்டேன் அளவானது. நம் நிரப்பு நிலையங்களில் பொதுவாகக் கிடைப்பது 92, 95. டர்போ அமுக்கத்தைக் கூட்டி, கம்பியூட்டரில் மாற்றம் செய்த காருக்குக் குறைந்த ஒக்டேன் போட்டு அழுத்தி ஓட்டினால் பிஸ்டன் வெடிக்கும். யார் டியூன் செய்தது, எந்தப் பெற்றோலுக்குச் செய்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத சொந்தக்காரரிடமிருந்து மாற்றம் செய்த காரை வாங்க வேண்டாம். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காக நின்ற காரா என்பதையும் கேளுங்கள். நின்றிருந்தால் டாங்கியும் ரப்பர் சீல்களும் பார்க்கப்பட வேண்டும்.

ஐந்தாவது, அடிப்பக்கம். பின் சக்கரங்களுக்கு வலுவைப் பிரித்துக்கொடுக்கும் ஏ.வை.சி பம்ப் ஈவோ 7 இல் பின் வலது சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. வெள்ளவத்தை முதல் இரத்மலானை வரை கடற்காற்றில் நின்ற கார் என்றால் துருவை அங்கேதான் தேட வேண்டும். அதில் கோளாறு இருந்தால் டேஷ்போர்டில் உள்ள மூன்று மோட் விளக்குகளும் ஒன்றாக எரியும். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

விபத்துப்பட்டதா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது நமது வழக்கம். ஈவோ 7 இன் பொனட்டும் முன் மட்கார்டுகளும் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் சாதாரண தகடு மாற்றியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கள். டயர் நான்கும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். பக்கத்திலுள்ள நான்கு இலக்கம் அதன் வயது. 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரம். மலிபன் சந்தியிலிருந்து பெலேக்கடே சந்தி வரை நெரிசலில் ஓட்டிப் பார்ப்பதில் எதுவும் தெரியாது. கொட்டாவையில் ஏறி அதிவேகப் பாதையில், 100 கிலோ மீற்றர் எல்லைக்குள், ஐந்தாவது கியரில் மெதுவாகப் போகும்போது அக்ஸிலேட்டரை மிதியுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் முடிந்துவிட்டது.

மருமகனின் விடயத்துக்கு வருகிறேன். நமக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே போனோம். மூன்றாவது சிலிண்டரில் கொம்ப்ரஷன் குறைவு. “அது பெரிய விடயமில்லை, வால்வு அட்ஜஸ்ட் பண்ணினால் சரி” என்றார் விற்பவர். பாஸ் என்னைப் பார்த்து ஒன்றும் பேசாமல் கருவியைப் பெட்டியில் வைத்தார். மருமகன் வீடு வரும்வரை முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு எஞ்சின் வேலைக்கு ஆகக்கூடிய தொகையைக் கடதாசியில் எழுதிக் காட்டியதும் அமைதியானான். பரிசோதனைக்குச் செலவானது அதில் ஒரு சிறு துளி.

கடைசியாக ஒன்று. நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை அறியாத முஸ்லிம் வியாபாரி இல்லை. ஈரத்தை மேலே வைத்து விற்கும் கடமை விற்பவருக்கு உண்டு. 2009 இல் வாங்கிய அந்தக் காரை நான் விற்கும்போது எஞ்சின் திறந்து செய்ததை பில்லோடு காட்டித்தான் விற்றேன். கேட்ட விலையில் மூன்று இலட்சம் குறைந்தது. வாங்கியவர் இன்றும் என் கடைக்கு வருகிறார்.

ஆனால் விற்பவர் எல்லோரும் ஈரத்தை மேலே வைக்கப்போவதில்லை. அதுவரை நாமே கையை உள்ளே விட்டுப் பார்ப்போம். கடை முதல் காரைவிடப் பெரியது.