ஒன்றரை மடங்கு வேகத்தில் ஆராதனை

"எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல சபை எதுக்கு ப்ரோ?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு நிறைய. என்னைப்போல ஐடி ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எழுந்து, காபியோடு யூடியூபில் ஆராதனை பார்ப்பவர்கள். அவர்களோடு சண்டை போடும் தகுதி எனக்கு உண்டு. ஏழு வருடம் நானும் அதைத்தான் செய்தேன். பிரசங்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவேன், காணிக்கைப் பேச்சு வந்தால் தள்ளிவிடுவேன். அதற்கு ஆழமான தனிப்பட்ட விசுவாசம் என்று பெயர் வேறு வைத்திருந்தேன்.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்தபோது நான் போன சபையில் எதையும் தள்ளிவிட முடியாது. துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை. மைக் கீச்சிடும். சாட்சி சொல்ல எழுந்த லாரி டிரைவர் அரை மணி நேரம் உட்காரமாட்டார். முணுமுணுத்துக்கொண்டே போவேன். மூன்றாம் வருடம் தேர்வுக் கட்டணம் கட்டக் காசில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சேலைக்கடையில் வேலை பார்த்த ஒரு அக்கா, கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, "ஏன்டா மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். அடுத்த வாரம் பணம் கைக்கு வந்தது. அவர் சம்பளத்தில் அது எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போடும் புத்தி அப்போது எனக்கில்லை.

அவர் இறந்துபோனது எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் மறைக்கவில்லை. சொல்ல வேண்டியவர்களில் நான் இல்லை, அவ்வளவுதான். அந்த எட்டு மாதத்தில் அன்பைப் பற்றி மட்டுமே ஒரு முழுத் தொடர் பிரசங்கம் கேட்டு முடித்திருந்தேன்.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதில் 'நான்' கிடையாது, 'என்' கிடையாது. அப்பம் கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் பன்மையில்தான். அறைக்குள் தனியாக முழங்கால் போட்டாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேர்த்துத்தான் சோறு கேட்க வேண்டியிருக்கிறது.

பர்கூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருப்பத்தூர். 1921-இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள்: சவரிராயன் இயேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஒருவர் ஆளப்படும் இனம், மற்றவர் ஆளும் இனம். ஜனங்களுக்கு அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். பெரியண்ணன் தமிழர் என்பதைக் கவனியுங்கள். கதர் கட்டினார்கள், எளிமையாக வாழ்ந்தார்கள், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஜெபாலயத்தைக்கூட நம்மூர்க் கோயில் பாணியில் கட்டினார்கள். வெள்ளைக்காரரும் இந்தியரும் சரிசமமாக வாழமுடியும் என்பதை எழுதிக் காட்டியிருக்கலாம். ஒரே வீட்டில் இருந்து காட்டினார்கள். பெயரையே 'குலம்' என்று வைத்த குசும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிறப்பால் வருகிற குலத்துக்கு எதிராக, சேர்ந்து வாழ்வதால் வருகிற ஒரு குலம்.

இங்கே ஒரு நண்பன் குறுக்கே வருவான். "சபைன்னா கடைசில சாதிதானே? எறையூர் ஞாபகமில்லையா?" ஞாபகமிருக்கிறது. 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டிக் கலவரம் வந்தது; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே பீடத்தின் முன்னால் மண்டியிட்டவர்கள் ஒரே தெருவில் நடக்க முடியாத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இதை மழுப்புகிற கிறிஸ்தவன் பொய் சொல்கிறான்.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு லேப்டாப்புக்குத் திரும்பிப் போகிறாயே நண்பா, அது எப்படி? சாதிச் சபை செய்வது என்ன? யார் பக்கத்தில் உட்காரலாம் என்று பொறுக்கி எடுப்பது. நீ செய்வதும் அதேதான். பொறுக்கிப் பொறுக்கி, கடைசியில் உன்னை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டாய். எறையூரில் தனிப் பங்கு கேட்டவர்கள் சபையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவமானமில்லாத ஒரு சபை கேட்டார்கள். அவர்கள் பட்ட காயத்தை உன் சோம்பேறித்தனத்துக்குச் சாட்சியாக இழுக்காதே.

போன மாதம் பர்கூர் போனேன். அதே தகரக் கூரை. கடைசி வரிசையில் கம்பெனி வேலைக்கு வந்த நாலு ஜார்க்கண்ட் பெண்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி அரைகுறை. பாட்டு நீளமாகப் போனது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கூட்டம் முடிந்து நழுவப் பார்த்தேன். வாசலில் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்ட? அண்டாவ எறக்க ஆள் வேணும், ஒரு கை புடி."