தலையெழுத்தா, பள்ளிக்கூடமா?

ஆடி மாதம் வந்துவிட்டால் பெரியபாளையத்து பவானி அம்மன் கோவிலில் வேப்பிலை கட்டிக்கொள்ள ஆயிரக்கணக்கான மக்கள் கூடுகின்றார்கள். அவர்களில் ஏழை எளியவர்களைக் கேட்டால், “எல்லாம் தலையெழுத்து; ஆத்தா மனம் வைத்தால் மாறும்” என்பார்கள். அத்தோழர்களுக்கு ஒரு வெள்ளைக்காரரின் உத்தியோக வரலாற்றைச் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

சென்னை மாகாணத்தின் கடைசி வெள்ளைக் கவர்னர் சர் ஆர்ச்சிபால்டு நை என்பவர். 1895-ல் டப்ளினில் ஒரு பட்டாளத்துச் சார்ஜண்டு மேஜருக்கு மகனாகப் பிறந்தவர். சாதாரணச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கென்று டோவரில் நடந்த இராணுவப் பள்ளிக்கூடத்தில் படித்தார். முதல் உலக யுத்தத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, 1915-ல் அதிகாரியானார், 1932-ல் பாரிஸ்டரானார், 1941-ல் பிரிட்டிஷ் தரைப்படைத் தலைமைத் தளபதிக்கு அடுத்த ஸ்தானத்தை அடைந்தார். 1946 மே மாதத்தில் நமக்குக் கவர்னராக வந்தார்.

இவர் எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டார்? முற்பிறப்பில் எந்தப் பார்ப்பனனுக்குக் கோதானம் செய்தார்? ஒன்றுமில்லை. படிக்க ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளையர் தேசத்தில் பிறவித் திமிர் இல்லையென்று நாம் சொல்லவில்லை. இவருக்கு முன் இங்கு வந்த வில்லிங்டன், கோஷன், எர்ஸ்கின் எல்லோரும் பிரபுக்களே. ஆனால் சிப்பாய் மகன் எழுத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று சொல்லும் சாஸ்திரம் அங்கே இல்லை.

1947 ஆகஸ்டு 15-ல் கொடி மாறிற்று, கவர்னர் மாறவில்லை! சென்னையிலும் பம்பாயிலும் வெள்ளைக் கவர்னர்களே நீடித்தார்கள். முதல் நாள் அடிமை நாட்டின் கவர்னர், மறுநாள் விடுதலை நாட்டின் கவர்னர். 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் கோவில் நுழைவுச் சட்டமும் வந்தது உண்மையே. ஆனால் அவை கவர்னர் போட்ட பிச்சையல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் ஏச்சுப் பேச்சு கேட்டுப் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பலனாகும்.

1948 செப்டம்பரில் நை விலகினார். டில்லியில் பிரிட்டிஷ் ஹைகமிஷனரானார். அவர் எழுந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள்? பவநகர் மகாராஜாவை! மகாராஜா நல்லவர் என்பார்கள், இருக்கலாம். சார்ஜண்டு மகனை அனுப்பிவிட்டு ராஜா மகனைத் தேடிப் பிடித்ததுதான் மக்களாட்சியின் இலட்சணமா என்றுதான் கேட்கின்றோம். ஆள்கிறவன் மாறினால் போதாது. பிறவியைப் பார்த்து மதிக்கும் புத்தி மாறவேண்டும்.

பெரியபாளையம், கும்மிடிப்பூண்டிப் பக்கமெல்லாம் இன்று தொழிற்சாலைகள். அவற்றில் மூட்டை தூக்குகிறவன் மகனும் மூட்டைதான் தூக்குவானா, நிர்வாகியாவானா என்பதை வேப்பிலை தீர்மானிக்காது. ஆகவே தோழர்களே! மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசை அவிழ்த்துப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுங்கள். பெண்பிள்ளைக்கு முதலில் கொடுங்கள். போதாததற்குச் சர்க்காரிடம் வாத்தியாரும் விடுதியும் கேளுங்கள். அம்மனிடம் கேட்பதைவிட அழுத்தமாகக் கேளுங்கள்!