பழைய மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றலாமா? எஞ்சினைவிட முக்கியமான கேள்விகள் இருக்கு!

பொதட்டூர்பேட்டை மாதிரி தறி ஓடுற ஊரில் பழைய விசைத்தறியை வாங்குவது சாதாரண விஷயம். சட்டம் நல்லா இருக்கா என்று பார்ப்பார்கள், மோட்டாரை மாற்றுவார்கள், தேய்ந்த பாகங்களைக் கழற்றிப் புதுசு போடுவார்கள். மறுவாரமே தறி ஓடும். கணக்குத் தப்பினால் நஷ்டம் பணத்தோடு நின்றுவிடும்.

அதே திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பழவேற்காடு ஏரி. அங்கேயும், பிச்சாவரம் முதல் கேரளக் காயல்கள் வரை தண்ணீர் இருக்கும் எல்லா இடத்திலும், இதே கணக்கைப் படகுக்குப் போடுபவர்கள் உண்டு. ‘பழைய படகு ஒன்று மலிவாக வருது, பெயின்ட் அடிச்சு, சீட் போட்டு, பெரிய எஞ்சின் வைத்தால் வார இறுதியில் வருமானம் கொட்டும்’ என்பதுதான் அந்த ஐடியா. வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு இது கவர்ச்சியாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஆனால், தறி விஷயத்தில் சரியாக வரும் கணக்கு படகில் ஏன் தப்பாகிறது?

தானூரில் நடந்தது என்ன?

2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. கேரளாவின் மலப்புரம் மாவட்டம், தானூர். இருட்டிய பிறகு கிளம்பிய ‘அட்லாண்டிக்’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர்.

அந்தப் படகு சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டதே இல்லை. மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றி, மேலே ஒரு தளம் ஏற்றி, பயணிகள் படகாக ஓட்டியிருக்கிறார்கள் என்பது விசாரணையில் வெளியே வந்தது. அனுமதிக்கப்பட்டதைவிட அதிகமான ஆட்கள் ஏறியிருந்தார்கள். பலர் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. உரிமையாளர் கைதானார். தகுதிச் சான்று கிடைத்த விவகாரத்தில் கேரள கடல்சார் வாரிய அதிகாரிகள் இருவரும் கைது செய்யப்பட்டனர். ஓய்வுபெற்ற நீதிபதி வி.கே.மோகனன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

‘ஓவர்லோடு’ என்று ஒற்றை வார்த்தையில் இதைக் கடந்துபோவது சுலபம். ஆட்கள் அதிகம் என்பது பாதிக் காரணம்தான். மீதி, அந்தப் படகின் உடம்பிலேயே இருந்தது.

மேல்தளம் ஏன் ஆபத்து?

மீன்பிடிப் படகின் எடை எங்கே இருக்கும்? எஞ்சின், டீசல், ஐஸ், பிடித்த மீன் எல்லாமே அடியில். படகு சாயும்போது அடியில் இருக்கும் இந்த எடைதான் அதை நிமிர்த்த உதவுகிறது. அடிப்பாகம் கனமான தஞ்சாவூர் பொம்மை எத்தனை முறை தட்டினாலும் எழுந்து நிற்குமே, அதே தத்துவம்.

இப்போது அந்தப் படகிலிருந்து ஐஸும் மீனும் போய்விட்டது. மேலே தகரக் கூரை, கம்பி, ஏணி, சீட், ஸ்பீக்கர் வந்துவிட்டது. மேல்தளத்தில் 20 பேர் ஏறினால், தலைக்கு 70 கிலோ என்று வைத்தாலும் 1,400 கிலோ. பொம்மையின் எடையைக் காலில் இருந்து எடுத்துத் தலையில் வைத்த மாதிரி.

அதைவிட மோசம், இந்த எடை ஒரு இடத்தில் நிற்காது. ஒரு பக்கம் டால்பினோ, பறவைக் கூட்டமோ, அழகான சூரிய அஸ்தமனமோ தெரிந்தால் அத்தனை பேரும் போனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடுவார்கள். மீன் மூட்டை செல்ஃபி எடுக்க ஓடாது! படகு ஓரளவு சாய்ந்ததும் ஆட்களும் பொருட்களும் அதே பக்கம் சரிவார்கள். அதற்குப் பிறகு நடப்பது சில நொடிகளில் முடிந்துவிடும்.

இன்னொரு நுணுக்கம். கடல் நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி அதிகம். கடலில் ஓடிய படகை ஏரிக்கோ அணைக்கோ கொண்டுவந்தால், அதே பாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அமிழும். சின்ன வித்தியாசம்தான். ஏற்கெனவே விளிம்புவரை பாரம் ஏற்றிய படகுக்கு அது சின்னதில்லை.

மீன்பிடி நம்பர் இருந்தால் போதாதா?

போதாது. நிறைய பேர் ஏமாறும் இடம் இதுதான். ‘பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு சார்’ என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அது மீன் பிடிக்கத் தந்த பேப்பர். படகின் மேல் ‘ஐஎன்டி-டிஎன்’ என்று தொடங்கும் எண் மீன்பிடிப் படகுக்கானது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ன் கீழ் மீன்வளத் துறை தரும் உரிமமும் அப்படித்தான். அதை வைத்து டிக்கெட் போட்டு ஆள் ஏற்ற முடியாது.

ஆறு, ஏரி, காயல் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் இயந்திரப் படகு ஓட்ட இப்போது இருப்பது உள்நாட்டுக் கலன்கள் சட்டம் 2021. நூறு வருஷத்துக்கு மேல் இருந்த 1917-ம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக வந்தது. இதன்படி படகுக்கு ஆய்வுச் சான்று, பதிவு, காப்பீடு எல்லாம் வேண்டும். படகின் அமைப்பை மாற்றுவதென்றால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். ‘முதலில் மாற்றிவிடுவோம், அப்புறம் ஆபீஸில் பேசிக்கலாம்’ என்ற நம்ம ஊர் வழக்கம் இங்கே செல்லாது. செல்லக் கூடாது.

பழவேற்காடு மாதிரி இடத்தில் இன்னொரு வாசலும் இருக்கிறது. ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் வனத் துறையைத் தாண்டி எதுவும் நடக்காது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று அங்கே உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். ஆள் ஏற்றத் தகுதியில்லாத படகில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் ஏறியிருந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. தானூருக்கு 11 வருஷத்துக்கு முன்பே இந்தப் பாடம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

சரி, வாங்கியே ஆகணும் என்றால்?

சொந்த உபயோகத்துக்கோ, மீன் பிடிக்கவோ பழைய படகு வாங்குவதில் தப்பே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் தமிழகக் கடற்கரையில் பெருகின. கைமாறும் படகுகளில் இவையும் ஏராளம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் பழுதுபார்க்கக் கரையேற்றப்படும் அந்தச் சமயம்தான் பார்க்க நல்ல நேரம். தண்ணீரில் மிதக்கும் படகைப் பார்த்து விலை பேசுவது, பேன்ட் போட்டவரின் முட்டிக் காயத்தைத் தேடுவது போல.

ஃபைபர் உடம்பைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. ‘தொப் தொப்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், தண்ணீர் ஊறியிருக்கலாம். மிதப்புக்காக உள்ளே அடைத்த ஃபோமில் வருஷக்கணக்காகத் தண்ணீர் ஏறினால் வெளியே தெரியாமலே படகு கனத்துவிடும். கொப்புளங்கள் இருக்கா, புது பெயின்ட் ஒரு இடத்தில் மட்டும் பளபளக்குதா என்று பார்ப்பதும் அவசியம். மரப் படகென்றால் ஏராவையும் ஆணிகளையும் புழு அரித்த துளைகளையும் விவரம் தெரிந்த ஆசாரி ஒருவரை வைத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

அவுட்போர்டு மோட்டார் மாட்டும் பின்பக்கப் பலகைதான் அடுத்தது. பல படகுகளில் இது ஃபைபருக்குள் வைத்த பிளைவுட். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்துப்போயிருக்கும். மோட்டாரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பலகை சேர்ந்து அசையக் கூடாது.

எஞ்சினை ஆன் செய்ததும் குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சி வருதா? கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கா? வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவும் பழக்கம் விற்பவருக்கு உண்டா என்று ஒரு கேள்வி கேட்டால், அவர் முகமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

பெரிய எஞ்சின் போட்டால் வேகமாகப் போகுமா?

எப்போதும் போகாது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற வகைப் படகுக்கு அதன் நீளமே வேக வரம்பு. 30 அடி நீளம் தண்ணீரில் பதிந்திருந்தால் சுமார் 7 நாட், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர் சொச்சம். அதற்கு மேல் எத்தனை குதிரைத்திறன் கூட்டினாலும் டீசல்தான் கரையும், அலைதான் எழும்பும். பின்பக்கம் கனமாகி அணியம் தூக்கிக்கொள்ளும். காசிமேட்டில் அதிவேக சீன எஞ்சின்கள் மீனவர்களுக்குள்ளேயே சண்டையானது ஞாபகம் இருக்கலாம். தமிழ்நாட்டின் 2020-ம் ஆண்டு விதிகளில் மீன்பிடி விசைப்படகுகளுக்கு 240 குதிரைத்திறன் என்ற உச்சவரம்பு இருக்கிறது.

எஞ்சின் மாற்றியதும் நேராக ஆள் ஏற்றுவது இன்னொரு தவறு. சோதனை ஓட்டம் என்பது சடங்கு அல்ல. 2024 டிசம்பர் 18-ம் தேதி மும்பை துறைமுகப் பகுதியில் எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படையின் வேகப்படகு கட்டுப்பாட்டை இழந்து ‘நீல் கமல்’ பயணிகள் படகில் மோதியது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் கையிலேயே இப்படி நடக்கிறது.

மாற்றியமைத்த படகுக்குச் செய்ய வேண்டிய முக்கியமான சோதனைக்குப் பெரிய கருவிகூடத் தேவையில்லை. எடை தெரிந்த கற்களையோ மூட்டைகளையோ தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவார்கள். நடுவில் தொங்கும் தூக்குக் குண்டு எவ்வளவு விலகுது என்று அளப்பார்கள். படகின் எடைமையம் எந்த உயரத்தில் இருக்கு, எத்தனை பேரை எங்கே உட்கார வைக்கலாம் என்று அந்த அளவை வைத்து ஒரு கப்பல் பொறியாளர் கணக்குப் போட்டுத் தருவார். பழைய படகுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் கணக்குத் தாளைக் கேட்கலாம். டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்பவரும் கேட்கலாம்.